இரு கண்ணாடிகளுக்கு நடுவே

ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஒரு துணியால் துடைத்துவிடலாம். ஆனால் துடைக்க முடியாத ஆவியும் ஒன்று உண்டு. அறைக்குள் நின்று துடைத்தாலும் அது போகாது. வெளியே ஏணி வைத்து ஏறித் துடைத்தாலும் போகாது. 2018ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கனடா நாட்டு டொராண்டோ நகரில் என் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தபோது இந்த விசித்திரத்தைக் கண்டேன். அதைப் போக்குவதற்கு நான் பட்ட பாட்டையும், இடையிலே செய்த பிழையையும் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. ஒரு ஜன்னல் அந்தப் பெருமையைச் சற்றே குறைத்துவிட்டது.

தமக்கையாருக்கு வயது எண்பது. முழங்கால் வலியால் மாடிப்படி இறங்குவதில்லை. நம் ஊரில் முதியவர்கள் திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துப் பொழுது போக்குவார்களே, அதுபோல அவருக்கு வாய்த்த திண்ணை மாடியறையின் பெரிய ஜன்னல்தான். எதிரே ஒரு மேப்பிள் மரம், காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் நிறப் பேருந்து, நண்பகலில் தபால்காரர். குளிர்காலத்து நான்கு மாதங்களில் அவருடைய உலகம் இவ்வளவே. அந்த உலகத்தின்மீது மோர் தெளித்தாற்போல ஒரு வெண்மை படர்ந்திருந்தது.

"கண்ணில் புரை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது தம்பி. இப்போது ஜன்னலுக்குப் புரை வந்திருக்கிறது" என்றார் தமக்கையார்.

நான் உள்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன், கோடு விழவில்லை. தமக்கையாரின் மகன் வெளியே ஏறிக் கோடு போட்டான், அங்கும் விழவில்லை. அப்படியானால் ஆவி எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. ஏனென்றால் அந்த ஜன்னலில் இருப்பது ஒரு கண்ணாடி அன்று, இரண்டு கண்ணாடிகள்.

குளிர் நாடுகளில் ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி போதாது என்பதை மக்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். ரஷ்யாவில் இரட்டைச் சட்டங்கள் அமைத்து, நடுவில் ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் பஞ்சை வைப்பார்கள். கனடாவில் ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்குமுன் வெளிப்புறத்தில் இன்னொரு ஜன்னலைக் கொண்டுவந்து மாட்டுவதும், வசந்தத்தில் கழற்றி வைப்பதும் வீட்டுக்காரரின் கடமையாக இருந்தது. இரண்டு கண்ணாடிகளை விளிம்பிலே ஒட்டி, நடுவிலே காற்றை அடைத்து, ஒரே பலகைபோல் ஆக்கிவிடலாம் என்ற யோசனைக்கு 1865ஆம் ஆண்டில் தாமஸ் ஸ்டெட்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். யோசனை நல்லதுதான், விளிம்பைக் காற்றுப் புகாமல் அடைப்பதுதான் கடினம். 1930களில் அமெரிக்காவில் 'தெர்மோபேன்' என்ற பெயரில் இவ்வகைக் கண்ணாடி உருவான பிறகே அது வீடுகளை எட்டத் தொடங்கியது.

கண்ணாடி இரண்டானால் குளிர் ஏன் குறைகிறது? தடிப்பு இரு மடங்கு ஆவதாலன்று. கண்ணாடி தன் வழியே வெப்பத்தைத் தாராளமாக விடக்கூடியது. அசையாத காற்றோ அதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். ஆகவே குளிரைத் தடுக்கும் வேலையைச் செய்வது கண்ணாடியன்று. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றே. கண்ணாடிகள் அந்தச் சிறையின் சுவர்கள் மட்டுமே.

சிறையை மேலும் விசாலமாக்கினால் இன்னும் நல்லதல்லவா என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். என் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். இடைவெளி மிகுந்தால் காற்று சும்மா இராது. வெப்பமான உட்கண்ணாடியைத் தொட்ட காற்று இலேசாகி மேலே எழும். வெளிக்கண்ணாடியைத் தொட்ட காற்று கனத்துக் கீழே இறங்கும். இவ்வாறு ஒரு சுழற்சி உண்டாகி, வெப்பத்தை இங்கிருந்து அங்கே சுமந்து போகும். இதுவே வெப்பச் சலனம். காற்று அசையாமலும் இருக்கவேண்டும், போதிய அளவும் இருக்கவேண்டும் என்றால் 12 முதல் 16 மில்லிமீட்டர் வரையுள்ள இடைவெளியே ஏற்றது. காற்றுக்குப் பதிலாக ஆர்கன் வாயுவை நிரப்பினால் இன்னும் நன்று. காற்றுக் கடத்தும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கையே ஆர்கன் கடத்தும். அது அபூர்வமான பொருளும் அன்று. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆர்கன் இருக்கிறது.

கடத்தலையும் சலனத்தையும் அடக்கினாலும் கதிர்வீசல் எஞ்சி நிற்கிறது. உட்கண்ணாடி தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வெளிக்கண்ணாடியை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் இடைவெளியைக் கடக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் இந்த வழியிலேதான் போகிறது. இதைத் தடுக்க, நடுவிலே நோக்கும் பரப்புகளில் ஒன்றின்மீது மிக மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசுகிறார்கள். அதன் வழியே தெருவைத் தெளிவாகப் பார்க்கலாம். வெப்பக் கதிர்கள் மட்டும் திரும்பிவிடும். உங்கள் வீட்டுத் தெர்மாஸ் குடுவையை நினைத்துப் பாருங்கள். 1892இல் ஜேம்ஸ் டிவார் அமைத்த அந்தக் குடுவையின் தத்துவமும் இதுவே: இரண்டு சுவர், வெள்ளிப் பூச்சு, நடுவில் வெற்றிடம். ஜன்னலுக்கும் வெற்றிடம் வைக்கக் கூடாதோ என்றால், வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் வளிமண்டலம் பத்து டன் எடையுடன் நசுக்கும். குடுவை உருண்டையாதலால் தாங்குகிறது. தட்டையான கண்ணாடி தாங்காது. நடுவிலே கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத சிறு தூண்களை நட்டு அதையும் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 1989ஆம் ஆண்டு செய்து காட்டினார்கள். அது வேறு கதை.

இவற்றால் என்ன பயன் என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். அறைக்குள் 20 டிகிரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. ஒற்றைக் கண்ணாடியானால் அதன் உட்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 6 டிகிரிக்குப் போய்விடும். அதன்மேல் உறைபனி பூக்கும். இரட்டைக் கண்ணாடியானால் சுமார் 7 டிகிரியில் நிற்கும். ஆர்கனும் வெள்ளிப் பூச்சும் சேர்ந்தால் 14 டிகிரி அளவில் இருக்கும். அருகிலே ஒரு மூதாட்டி நாற்காலியைப் போட்டு அமர்வதற்கும் அமர முடியாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இனி ஆவிக்கு வருவோம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யத்தில் 5 கிராம்கூடத் தாங்காது. மிகுந்தது நீராகப் படியவேண்டியதுதான். ஆகவே கண்ணாடிகளுக்கு நடுவே அடைபடும் வாயு எலும்புபோல் உலர்ந்திருக்கவேண்டும். இரு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்தும் இடைப்பட்டையை உள்ளே குழாய்போல் அமைத்து, அதில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளை நிரப்புகிறார்கள். மருந்துப் புட்டிக்குள் சிறு பொட்டலம் ஒன்று கிடக்குமே, அதன் உறவினர்தாம் இந்த மணிகள். இடைப்பட்டையைச் சுற்றி ரப்பர் போன்ற பசையால் இரண்டு வேலி. வேலி உறுதியாக இருக்கும்வரை மணிகளுக்கு வேலை குறைவு.

ஆனால் வேலிக்கு ஓய்வில்லை. பகலில் வெயில் பட்டால் உள்ளேயுள்ள வாயு விரிகிறது, இரவில் சுருங்குகிறது. 50 டிகிரி வித்தியாசத்தில், கண்ணாடி விட்டுக்கொடுக்காவிட்டால், அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு மாறும். எனவே கண்ணாடிகள் பகலில் சற்றே புடைத்தும் இரவில் சற்றே குழிந்தும் மூச்சு விடுகின்றன. (கடல்மட்டத்தில் செய்த கண்ணாடியை 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் போன்ற நகரத்துக்கு ஏற்றிச் சென்றால் அது புடைத்தபடியே நின்றுவிடும், அதற்காக மயிரிழை போன்ற ஒரு குழாயை விளிம்பில் வைத்து அனுப்புவதும் உண்டு.) ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்ட பசை ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறது. ஆர்கன் மெல்ல வெளியேறுகிறது. ஈரக் காற்று மெல்ல நுழைகிறது. மணிகள் குடிக்கும் மட்டும் குடித்துத் தெவிட்டிப் போகின்றன. அதன்பின் ஒரு குளிர் காலையில் நடுவிலே ஆவி பூக்கிறது. நாளடைவில் அந்த ஈரம் கண்ணாடியையும் அரித்து, உலர்ந்த பிறகும் போகாத வெண்கறையை வைத்துவிடும்.

மருமகன் ஒரு ஜன்னல் வியாபாரியை அழைத்து வந்தான். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எல்லா ஜன்னல்களையும் சட்டத்தோடு பெயர்த்துப் புதிதாக வைக்கவேண்டும் என்றும், அந்தச் செலவை எரிபொருள் மிச்சத்திலேயே எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். தொகை பல ஆயிரம் டாலர். எனக்கு இதில் ஐயம் உண்டாயிற்று. ஆவி படிந்த ஜன்னலிலும் கண்ணாடி இரண்டும் இருக்கின்றன. நடுவில் காற்றும் இருக்கிறது. ஆர்கன் போனதாலும் வெள்ளிப் பூச்சு அரிபட்டதாலும் சிறிது நஷ்டம் உண்டே தவிர, அது ஒற்றைக் கண்ணாடியாகிவிடவில்லை. புதுக் கண்ணாடியால் முதலில் கிடைப்பது பார்வை. எரிபொருள் மிச்சம் இரண்டாவதுதான். சட்டம் உளுத்துப்போய், கத்தி முனையால் குத்தினால் இறங்குகிறது என்றாலோ, இடுக்கு வழியே காற்று வீசுகிறது என்றாலோ ஜன்னலையே மாற்றுவது நியாயம். எங்கள் ஜன்னலின் பிளாஸ்டிக் சட்டம் கல்லுப்போல் இருந்தது.

வேறொருவர், கண்ணாடியில் சிறு துளையிட்டுக் கழுவி உலர்த்தித் தருவதாகச் சொன்னார். கறை ஏறாதிருந்தால் பார்வை தெளியலாம். ஆனால் போன ஆர்கன் அதனால் திரும்பாது. உடைந்த சிறைக்கு வெள்ளையடிப்பது போன்ற காரியம் அது. "சட்டம் இருக்கட்டும், கண்ணாடியை மட்டும் மாற்றுவோம். அளவு எடுத்துக் கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள். நான் அளக்கிறேன்" என்றேன்.

அளந்தேன். அளவு நாடாவைப் பிடித்து, கண்ணுக்குத் தெரிந்த கண்ணாடியின் அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டர் பிசகாமல் எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்று வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. அன்று குளிர் கடுமை. நானும் மருமகனும் கண்ணாடியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பட்டிகளை நெம்பினோம். குளிரில் விறைத்திருந்த ஒரு பட்டி படீரென்று ஒடிந்தது. பழைய கண்ணாடி ஒட்டுநாடாவால் சட்டத்தோடு பற்றியிருப்பதை அறியாமல் பலமாக நெம்பியதில் அதுவும் விரிந்தது. போகட்டும், புதியது இருக்கிறதே என்று எடுத்து வைத்தோம். அது சட்டத்துக்குள் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது. பட்டிகளுக்கு அடியில் நாற்புறமும் அரை அங்குலக் கண்ணாடி மறைந்திருக்கிறது என்பதை நான் எண்ணவே இல்லை. என் கண்ணாடி அகலத்தில் ஓர் அங்குலமும் உயரத்தில் ஓர் அங்குலமும் குறைவு.

மரப்பலகை குறைந்தால் ஒட்டுப் போடலாம், மிகுந்தால் அறுக்கலாம். இந்தக் கண்ணாடியை இரண்டும் செய்ய முடியாது. விளிம்பை வெட்டினால் வேலி போய்விடும். கதவருகிலும் தரையருகிலும் வைப்பதற்கென்று பதப்படுத்திய கண்ணாடியானால் வெட்டத் தொட்டாலே நூறு துண்டாக நொறுங்கும். பிழை முழுவதும் என்னுடையது. கடைக்காரர் கேட்ட அளவில் சரியாகவே செய்து கொடுத்திருந்தார்.

ஜன்னலை ஒட்டுப்பலகையால் அடைத்தோம். கிறிஸ்துமஸ் கழியும்வரை அந்த அறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. தமக்கையார் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இந்நேரம் பேருந்து வந்திருக்கும்" என்று மட்டும் சொல்லுவார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

இரண்டாம் முறை கடையிலிருந்தே ஒருவர் வந்து அளந்தார். போர்ச்சுகலிலிருந்து இளமையில் குடிவந்த முதியவர். கழற்றி வைத்த பழைய கண்ணாடியின் ஓரத்திலிருந்து ஓரம்வரை அளந்தார். சட்டத்தின் பள்ளத்தையும் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, அது கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தார். தடிப்பையும் குறித்துக்கொண்டார்: கண்ணாடி 3 மில்லிமீட்டர், இடைவெளி 13, மீண்டும் கண்ணாடி 3, ஆக 19. தடிப்பு மாறினால் பட்டி பொருந்தாதாம். கண்ணாடி விரிவதற்கு நாற்புறமும் சில மில்லிமீட்டர் இடம் விட்டே அளவு எழுதினார்.

ஜனவரியில் பனி சற்றே இளகிய ஒரு நாளைப் பார்த்துக் கண்ணாடியோடு வந்தார். குளிரில் பட்டி ஒடியும், ஒட்டுநாடா பிடிக்காது என்பதை நான் பட்டறிந்தவனல்லவா? அவர் செய்த முதற் காரியம் கண்ணாடியைத் தொடுவதன்று. வெறும் சட்டத்தின் கீழ்ப் பள்ளத்தில் ஒரு கோப்பை நீரை ஊற்றினார். நீர் நின்றது. பள்ளத்தில் நீர் வடிவதற்கென்று துளைகள் உண்டு. தூசியும் செத்த பூச்சிகளும் அவற்றை அடைத்திருந்தன. "உங்கள் கண்ணாடியைக் கொன்றது இதுதான்" என்றார். தேங்கிய நீரிலேயே பல காலம் நின்று பசை ஊறிப் போயிருக்கிறது. ஜன்னலைச் சட்டத்தோடு மாற்றியிருந்தாலும், துளைகள் அடைபட்டால் இதே கதிதான். அவற்றைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி நீர் ஊற்றி, அது வெளியே வடிவதைக் கண்ட பிறகே எழுந்தார்.

பிறகு பள்ளத்தில், அகலத்தை நான்காகப் பகுத்து, இரு ஓரங்களிலிருந்தும் கால் பங்கு தூரத்தில் ஒவ்வொரு ரப்பர் கட்டை வைத்தார். இரண்டு கண்ணாடிகளும் அக்கட்டைகளின்மேல் சமமாக உட்காரவேண்டும். ஒன்று மட்டும் உட்கார்ந்து மற்றது தொங்கினால், அதன் எடையே பசையை நாளும் கிழிக்கும். அடுத்து, பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்துப் புதுக் கண்ணாடியின் அருகே சுடரைக் காட்டினார். நான்கு பரப்புகளுக்கு நான்கு சுடர்கள் உள்ளே தெரிந்தன. அவற்றில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தது. அந்தப் பரப்பில்தான் வெள்ளிப் பூச்சு. அறையிலிருந்து இரண்டாவது சுடர் நிறம் மாறியிருக்கும்படி வைத்தால் குளிர்கால வெயிலின் வெப்பம் உள்ளே அதிகம் வரும். மூன்றாவது மாறியிருந்தால் வெயில் சூடு குறையும். உள்ளிருந்து வெளியே போகும் வெப்பத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கல்லூரிப் பாடமாகப் பல நாள் சொல்லியிருக்கிறேன்; ஒரு லைட்டரால் அரை நிமிடத்தில் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

கண்ணாடியின் கீழ் விளிம்பை முதலில் கட்டைகள்மேல் நிறுத்தி, மெல்ல மேலே சாய்த்து அழுத்தினார். குட்டைப் பட்டிகளை முதலிலும், வளைந்து கொடுக்கும் நீளப் பட்டிகளைக் கடைசியிலும் தட்டிச் செருகினார். ஒடிந்த பட்டிக்கு மாற்றும் கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஒரு மணி நேரம். தமக்கையார் நாற்காலியைத் தாமே நகர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

வசந்தத்தில் நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அந்த ஆண்டு, அதாவது 2019இல், அக்டோபர் மாதம் ஒரு நாள் இங்கே மாலை நாலரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அங்கே காலை ஏழு மணி.

"தம்பி, ஜன்னல் மறுபடியும் மங்கிவிட்டதடா."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. மருமகனை எழுப்பி வெளியே விரலால் கோடு போட்டுப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் அவன் குரல் கேட்டது: "கோடு விழுகிறது மாமா. கையெல்லாம் ஈரம்."

அப்போதுதான் மூச்சு வந்தது. தெளிந்த, காற்றடிக்காத இரவில் புல்லும் கூரையும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிக் குளிர்ந்துபோவதால்தான் அவற்றின்மீது பனித்துளி படிகிறது என்பதை வில்லியம் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814இல் எழுதிய பனிபற்றிய நூலிலேயே விளக்கியிருக்கிறார். வெளிக்கண்ணாடியும் அப்படித்தான் குளிர்கிறது. பழைய ஜன்னலில் அறையின் வெப்பம் கசிந்து வெளிக்கண்ணாடியைச் சுடவைத்துக்கொண்டிருந்தது. அதனால் பனி படியவில்லை. இப்போது வெப்பம் கசியவில்லை, ஆகவே படிகிறது. சென்னையில் குளிர்பதனம் செய்த அறையின் ஜன்னலில் வெளிப்புறம் வியர்ப்பதற்குக் காரணம் வேறு. அங்கே கண்ணாடியைக் குளிர்விப்பது அறை, இங்கே குளிர்வித்தது வானம். இதையெல்லாம் நான் தொலைபேசியில் விளக்கத் தொடங்கினேன்.

தமக்கையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இரு, இரு. வெயில் வந்துவிட்டது. மேலேயிருந்து தெளிந்துகொண்டு வருகிறது" என்றார். சற்று நேரம் பேச்சில்லை. "மேப்பிள் மரம் பாதிக்கு மேல் சிவந்துவிட்டது. பேருந்து இன்னும் வரவில்லை" என்றார்.